பெயரை வெட்டிவிட்டுக் கொடுக்காதீர்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், கவுண்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும், மருந்து வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும்,

என் தையல் மெஷின் இழுப்பறையில் மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு இருக்கிறது. இரண்டு மாத்திரை அளவுத் துண்டு. ஒரு குழி காலி. இன்னொன்றில் மாத்திரை அப்படியே இருக்கிறது. பின்பக்க வெள்ளித்தாளில் ஆங்கிலத்தில் 'அண்ட் பாராசிட்டமால் டேப்லட்ஸ்' என்ற எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. அந்த 'அண்ட்'டுக்கு முன்னால் 'அசிக்ளோஃபெனாக்' என்று ஒரு சொல் இருந்தது. கத்தரிக்கோல் சரியாக அந்த இடத்தில் போயிருக்கிறது. அந்தச் சொல் மீதி அட்டையோடு உங்களில் ஒருவருடைய கடை டப்பாவுக்குள் போய்விட்டது.

அந்தச் சொல்லைப் படித்திருந்தால் நான் அந்த மாத்திரையை வாயில் போட்டிருக்க மாட்டேன்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. எனக்கு வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாது என்றால் வயிற்று எரிச்சலோ, லேசான அரிப்போ இல்லை. மூச்சு நின்றுபோகும். இதை ஊரில் இருக்கிற எல்லா மெடிக்கலிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் காய்ச்சல் 102க்குப் போனது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. வீட்டில் பாராசிட்டமால் தீர்ந்திருந்தது. பத்தாவது படிக்கிற என் மகனை அனுப்பினேன். "அம்மாவுக்கு வலி மாத்திரை சேராது, வெறும் பாராசிட்டமால் மட்டும் குடுங்கன்னு சொல்லு" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன். அவனும் அப்படியே சொல்லியிருக்கிறான். கடையில் இருந்தவர், "பாராசிட்டமால்தான் தம்பி இது, உடம்பு வலிக்கும் சேர்த்துக் கேக்கும்" என்று சொல்லி இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பையன் கொண்டுவந்து கொடுத்ததும் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பார்க்காமல் எதையும் வாயில் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. 'பாராசிட்டமால்' என்று இருந்தது. அந்த 'அண்ட்'டும் கண்ணில் பட்டது. காய்ச்சல் தலையில் அது உறைக்கவில்லை.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். முதலில் மூக்கிலிருந்து தண்ணீராக ஊற்றியது. கண் சிவந்தது. முகம் சூடேறியது. இந்த வரிசை எனக்குத் தெரியும் என்பதால், அப்போதே தெரிந்துவிட்டது. இன்ஹேலரை எடுப்பதற்குள் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி ஆனது. மூச்சை உள்ளே இழுத்தால் போகிறது, வெளியே விட முடியவில்லை. பையனிடம் "108" என்று சொல்ல நினைத்தேன், குரல் வரவில்லை. விரலால் ஒன்று, பூஜ்யம், எட்டு என்று காட்டினேன். அவன் அழுதுகொண்டே போன் பண்ணினான். வண்டியில் ஆக்ஸிஜன் வைத்து நெபுலைசர் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். என் பையன் இப்போதும் ராத்திரி எழுந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறான். "நான்தானேம்மா வாங்கிட்டு வந்தேன்" என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

மறுவாரம் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சண்டை போட வேண்டும் என்று போகவில்லை. நடந்தது அவருக்குத் தெரிய வேண்டும், இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் போனேன். உரிமையாளர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாக் கடையிலயும் இப்படித்தாம்மா குடுக்கிறோம். உங்க ஒருத்தருக்காக மாத்த முடியுமா?" பிறகு எங்கள் பக்கத்து வணிகர் சங்க நிர்வாகி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவரும், "ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்றதும்மா இது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டு பதில்களையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

முதலில், என் நோயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களில் டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களுக்கு இது பாடத்தில் வந்திருக்கும். கவுண்டரில் நிற்கிற எல்லோரும் அதைப் படித்தவர்கள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முப்பது வயது வரைக்கும் எல்லா மாத்திரையும் சாப்பிட்டவள் நான். பிரசவத்துக்கு அப்புறம் கூட வலி மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. முப்பதுக்கு மேல் மூக்கடைப்பு ஆரம்பித்தது. மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாசனை போனது. மல்லிகைப்பூ வாசம் தெரிந்து பதினோரு வருடம் ஆகிறது. அடுப்பில் குழம்பு தீய்ந்தால் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் வீசிங் வந்தது. பஞ்சுத் தூசி, துணித் தூசி என்று நினைத்துக்கொண்டேன். தையல்காரிக்கு வேறென்ன தோன்றும்?

ஒரு முறை பல் பிடுங்கியபோது கொடுத்த மாத்திரையில் மூச்சு முட்டியது. பயத்தில் வந்தது என்றார்கள். இரண்டு வருடம் கழித்து இடுப்பு வலிக்கு ஐபுபுரோஃபென் சாப்பிட்டேன். அன்றைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கிளினிக்கில் அவில், டெக்ஸோனா என்ற அலர்ஜி ஊசிகளைப் போட்டுவிட்டு உட்கார வைத்தார்கள். உதடு நீலமான பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ஒரு நுரையீரல் மருத்துவர் என் பழைய சீட்டுகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்துத் தேதி வாரியாகப் பார்த்தார். "மூக்குல சதை, ஆஸ்துமா, வலி மாத்திரை. மூணும் ஒரே நோய்மா" என்றார். மாத்திரை போட்டதற்கும் மூச்சு முட்டியதற்கும் நடுவில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் இருந்ததால் நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இது பெரும்பாலும் அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வரும் என்று அவர்தான் சொன்னார்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த நோய் இல்லை. 1922இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் விடால் இதை எழுதியிருக்கிறார். 1968இல் அமெரிக்காவில் சாம்டர் என்ற மருத்துவர் இந்த மூன்றையும் சேர்த்து விவரித்தார். இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் சாம்டர் பெயராலும் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

நடப்பது இதுதான். உடம்பில் காக்ஸ்-1 என்று ஒரு நொதி இருக்கிறது. சாதாரண வலி மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. மற்றவர்களுக்கு அதனால் வலி குறையும். என்னைப் போன்றவர்களுக்கு அதைத் தடுத்த உடனே லியூகோட்ரையீன் என்ற பொருள் ஏகத்துக்கும் பெருகி மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மெஃபனமிக் அமிலம், கீட்டோரொலாக், பைராக்சிகாம் எல்லாம் அந்த ஒரே வேலையைச் செய்கின்றன. அதனால் "அது ஒத்துக்கலையா, அப்ப இதைப் போட்டுக்கோங்க" என்று வேறு கம்பெனி மாத்திரையை எடுத்து நீட்டுவது எனக்கு உதவி ஆகாது. பாராசிட்டமால் அந்த நொதியை மிக லேசாகத்தான் தொடும் என்பதால் 500 மில்லிகிராம் எனக்குப் பிரச்சினை இல்லை. ஒரே நேரத்தில் ஆயிரம் போட்டுவிடாதே என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். எட்டோரிகாக்சிப் என்ற வேறு வகை வலி மாத்திரை எனக்குச் சேருமா என்பதை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. சிலருக்கு மூச்சு முட்டாது, உதடும் கண்ணும் வீங்கும், உடம்பு முழுக்கத் தடிப்பு வரும். சிலருக்கு ஒரே ஒரு மருந்து மட்டும் சேராது. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

உங்கள் கவுண்டரில் நான் அடிக்கடி கேட்கிற ஒரு வார்த்தை உண்டு: "பாதி போட்டுப் பாருங்கக்கா, ஒண்ணும் ஆகாது." தயவுசெய்து இனி யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் சோதனை செய்யும்போது முழு மாத்திரையில் ஒரு சிறு பங்கில்தான் ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் நெபுலைசரும் அட்ரினலினும் தயாராக இருக்கும். அப்படியும் சிலருக்கு அந்தச் சிறு பங்கிலேயே மூச்சு இறுகிவிடும். தோலுக்கடியில் ஊசி போட்டுப் பார்க்கிற 'டெஸ்ட் டோஸ்' கூட என் வகைக்கு எதையும் காட்டாது. அப்படியிருக்க, சமையலறையில் பாதி மாத்திரையை உடைத்துப் போட்டுப் பார்த்து நான் எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது அந்த "ஆயிரத்தில் ஒருத்தர்" கணக்குக்கு வருகிறேன். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆஸ்துமா இருக்கிற பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இது இருக்கிறது. மூக்கில் சதையும் சேர்ந்து இருப்பவர்களில் இன்னும் அதிகம். உங்கள் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை இன்ஹேலர் விற்கிறீர்கள் என்று பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை பேர் அதே கையோடு உடம்பு வலிக்கு மாத்திரையும் கேட்கிறார்கள்? அவர்களில் பலருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. எனக்கே தெரிய ஆறேழு வருடம் ஆனது.

என்னைப் போன்றவர்களை விடுங்கள். வயிற்றுப்புண் உள்ளவர், கிட்னி பழுதானவர், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி, இவர்கள் எல்லோருக்கும் இதே மாத்திரைகள் ஆபத்துதான். டெங்கு சமயத்தில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாதீர்கள், இரத்தக்கசிவு வரும் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே மாத்திரைகளைத்தான். காய்ச்சல் என்று வந்து நிற்கிறவருக்கு டெங்குவா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் 'செட் மாத்திரை' கைக்கு வந்துவிடுகிறது. ஒரு வேளைக்கு மூன்று, நான்கு நிறத்தில், பெயர் இல்லாமல், விலை மட்டும் சொல்லி.

நான் உங்கள் மேல் கோபத்தில் மட்டும் இதை எழுதவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஊரில் வெளிச்சம் இருக்கிற ஒரே இடம் மெடிக்கல்தான். கொரோனா காலத்தில் எல்லோரும் கதவைச் சாத்தியபோது நீங்கள் திறந்து வைத்திருந்தீர்கள். காசு இல்லாதபோது என் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கடனாகக் கொடுத்தவரும் உங்களில் ஒருவர்தான். ஒரு அட்டை முழுசாக வாங்கக் காசில்லாமல் இரண்டு மாத்திரை கேட்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நானும் கேட்டிருக்கிறேன். அதனால் கத்தரிக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வராது. எங்கே கத்தரிக்கிறீர்கள், கத்தரித்த பிறகு என்ன எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

நானும் கத்தரிக்கோல் பிடிக்கிறவள்தான். துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்கு முன்னால் சாக்பீஸால் குறி போடுவேன். எங்கே வெட்டினால் எது போகும் என்று பார்த்துத்தான் வெட்டுவேன். தீபாவளி சமயத்தில் நூறு பிளவுஸ் துணி குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் பெயரும் அளவும் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வைப்பேன். ஒருத்தி துணி இன்னொருத்திக்குப் போனால் அவள் திட்டுவாள், அவ்வளவுதான். யாரும் சாக மாட்டார்கள். அதற்கே ஒரு சீட்டு வைக்கிறோம்.

எங்கள் ஊரிலேயே இன்னொரு தெருவில் ஒரு கடை இருக்கிறது. அங்கே வேலை செய்கிற தங்கை, டி.பார்ம் முடித்த பெண், ஒற்றை மாத்திரை கொடுத்தாலும் கவர் மேல் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதுவாள். கலப்பு மாத்திரை என்றால் இரண்டு பெயரையும் எழுதுவாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தமிழில் எழுதித் தருவாள். "வீசிங் இருக்கா, முன்னாடி ஏதாவது மாத்திரை சேராமப் போயிருக்கா" என்று கேட்பாள். கூட்டம் இருக்கும்போதும் கேட்பாள். ஒரு ஆளுக்குப் பத்து விநாடி கூட ஆவதில்லை, நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கடை மூடியிருந்தது. திறந்திருந்தால் என் பையன் அங்கேதான் போயிருப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் எல்லாம் ஷெட்யூல் எச் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. வாங்குகிறவர் கண்ணில் படாத அளவுக்குச் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில். கத்தரிக்கோல் பட்டதும் அதுவும் போய்விடுகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கிற 300 பிராண்டு மருந்துகளில் பார்கோடோ கியூஆர் கோடோ போட வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. என் பையனுக்கு அதை ஸ்கேன் பண்ணத் தெரியும். ஆனால் இரண்டு மாத்திரைத் துண்டில் ஸ்கேன் பண்ண என்ன மிச்சம் இருக்கும்?

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறேன். நிமிசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்தை 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011இல் தடை வந்தது. பெயர் போன துண்டு மாத்திரையை வீட்டில் வைத்திருக்கிற ஒரு அம்மா, ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் அதில் பாதியை உடைத்துக் கொடுக்க மாட்டாள் என்று உங்களால் சொல்ல முடியுமா? அடுத்தது, மாதவிடாய் வலிக்குப் பெண்பிள்ளைகள் வாங்குகிற மெஃபனமிக் அமிலம். 2023 கடைசியில் அதைப் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, கல்லீரல் போன்ற உள்ளுறுப்புப் பாதிப்பு என்று ஒரு கடுமையான விளைவு வரலாம், அது மாத்திரை ஆரம்பித்து இரண்டிலிருந்து எட்டு வாரம் கழித்துக் கூட வரலாம். எட்டு வாரம் கழித்து மருத்துவர், "என்ன மாத்திரை சாப்பிட்டே?" என்று கேட்பார். அந்தப் பெண் என்ன சொல்வாள்? "மஞ்சள் கலர் மாத்திரை, மெடிக்கல்ல குடுத்தாங்க" என்பாள்.

மாத்திரையோடு இது முடியவில்லை. கழுத்து வலிக்குத் தடவுகிற ஜெல், விளையாடுகிற பிள்ளைகளுக்கு அடிக்கிற ஸ்பிரே, கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் போடுகிற சில சொட்டு மருந்துகள், குழந்தைகளின் காய்ச்சல் சிரப், வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஜெல் என்று பலவற்றில் இதே மருந்துகளோ, ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சாலிசிலேட்டோ இருக்கின்றன. தைக்கிறவளுக்குக் கழுத்து வலியும் தோள்பட்டை வலியும் நிரந்தரச் சொத்து. ஒரு தடவை கல்யாண வீட்டில் பாசத்தோடு என் தோளில் யாரோ ஸ்பிரே அடித்துவிட்டார்கள். அன்றைக்குப் பந்தியில் உட்காராமல் இன்ஹேலரோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

இப்படித்தான் வாழ்கிறேன். பர்ஸில் லேமினேட் பண்ணின ஒரு அட்டை. முதல் வரியிலேயே 'ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதியிருக்கிறது. நெஞ்சு வலி என்று மயங்கி விழுந்தால் முதலில் ஆஸ்பிரினைத்தான் மென்று தின்னக் கொடுப்பார்கள். அது எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிற மாத்திரை. எனக்கு அதைக் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவர் யோசிக்க வேண்டும் என்பதற்காக அந்த வரி. மெஷின் இழுப்பறையில் ஒரு இன்ஹேலர், கைப்பையில் ஒன்று, வீட்டுச் சாமி அலமாரியில் ஒன்று. ஆபத்துக்கு நாமே குத்திக்கொள்கிற அட்ரினலின் ஊசி வெளிநாடுகளில் பலர் பையில் இருக்குமாம். எங்கள் ஊரில் அதைக் கேட்டால் பெயரே தெரியாது என்கிறார்கள். இவ்வளவும் செய்தாலும், கடைசியில் எனக்கு இருக்கிற பாதுகாப்பு ஒன்றுதான்: மாத்திரையின் பெயரைப் படித்துப் பார்ப்பது. அதைத்தான் அன்றைக்குக் கத்தரித்து எடுத்துக்கொண்டீர்கள்.

"மாத்த முடியுமா" என்று கேட்டவருக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து ஒரு காலத்தில் 30 மில்லி குப்பியில் வந்தது. மாட்டுக்கும் அதே மருந்தைப் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தே தடை ஆனது. அப்புறமும் மனுஷனுக்கு என்று வந்த பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் மனிதர்களுக்கான ஊசியையும் 3 மில்லி தனித்தனியாகத்தான் விற்க வேண்டும் என்று வந்தது. பெரிய குப்பி போனது, அதனால் எந்தக் கடையும் மூடவில்லை. இன்றைக்கு நீலகிரி மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் மிஞ்சியிருப்பதற்கு நீங்களும் ஒரு காரணம். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஒரு மருந்து விற்கிற விதத்தை இந்தத் தொழிலில் மாற்ற முடியும், மாற்றியிருக்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த வலி மாத்திரையோ, காய்ச்சல் மாத்திரையோ கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "வீசிங் இருக்கா, இதுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டு மூச்சு முட்டல், வீக்கம், தடிப்பு வந்திருக்கா?" ஆமாம் என்றால் கொடுக்காதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். சேராது என்று ஒருவர் தானாகச் சொன்னால் அதை நம்புங்கள். அவர் கேட்டது உங்களிடம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வேறொன்றை அதே மாதிரி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்தின் பெயர் வாங்குகிறவர் பக்கம் வருகிற மாதிரி கத்தரியுங்கள். வராது என்றால் கவர் மேல் எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, உள்ளே என்னென்ன மருந்து இருக்கிறதோ அத்தனையையும், முடிந்தால் தமிழில். 'செட் மாத்திரை' கட்டிக் கொடுப்பதை நிறுத்துங்கள். இந்த மடலில் நீங்கள் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் பெயர் எழுதுவதைச் செய்யுங்கள்.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கடையில் இருக்க வேண்டும். எனக்கு அந்த மாத்திரை கொடுத்த கடையில் அந்தப் பெயருக்கு உரியவரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

யாராவது வந்து, இந்த மாத்திரையால் எனக்கு இப்படி ஆனது என்று சொன்னால், "உங்க உடம்பு அப்படி" என்று சொல்லி அனுப்பாதீர்கள். மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்வதற்கென்றே 2010லிருந்து ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. அதன் கட்டணமில்லா எண் 1800-180-3024. நீங்களும் அழைக்கலாம், பாதிக்கப்பட்டவரும் அழைக்கலாம். அந்த எண்ணைக் கவுண்டரில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டி வையுங்கள். என்னுடையதை நான் சொல்லிவிட்டேன். மருந்தின் பெயரைக் கேட்டார்கள். கம்பெனி பெயரையும் பேட்ச் எண்ணையும் கேட்டார்கள். அவை மீதிப் பாதி அட்டையில் இருந்தன.

சங்க நிர்வாகிகளுக்கு: இந்தக் கேள்வியைத் தமிழில் அச்சடித்து உங்கள் உறுப்பினர் கடைகள் எல்லாவற்றுக்கும் அனுப்புங்கள். எங்கள் ஊர்க் கடைகளுக்கான ஸ்டிக்கர் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் பேச நேரம் கொடுங்கள். எங்கே, எப்போது என்று சொல்லுங்கள். கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். இழுப்பறையில் இருக்கிற அந்தத் துண்டையும் கொண்டுவருகிறேன். ஆளுக்கு ஒரு முறை கையில் வாங்கி, அதில் என்ன மருந்து இருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
விருதுநகர் மாவட்டம்